ஆம்பூரில் சாவு இல்லை

ஆம்பூர்,
9 ஜனவரி 1928

அன்புத் தம்பி சாமுவேலுக்கு, அக்காள் அன்னம்மாள் எழுதுவது.

கர்த்தர் தயவில் இங்கே நானும் உன் மாமாவும் பிள்ளை ஆசீர்வாதமும் சுகம். நீயும் ஜெயம்மாளும் எப்படி இருக்கிறீர்கள்? ஏழு மாத வயிற்றோடு அவள் லாங் பஜார் வரை நடந்துபோய்க் காய் வாங்கி வருகிறாள் என்று எழுதியிருந்தாய். அந்த நெரிசலில் கைவண்டிக்காரர்கள் யாரையும் பார்த்து ஓட்டமாட்டார்கள். நீ போய் வாங்கி வந்தால் உன் குமாஸ்தா உத்தியோகம் ஒன்றும் குறைந்துவிடாது.

இப்போது எழுதுவது ஆசீர்வாதத்துக்காக. பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. உன் மாமா ரைட்டராக இருக்கிற மக்பூல் அகமது சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பிலேயே அவனுக்கும் ஒரு இடம் பார்த்திருக்கிறார். சுண்ணாம்புக் குழி வேலை இல்லை. ரயிலில் வருகிற உலர்ந்த தோல் மூட்டைகளை அடுக்கும் கிடங்கில் வேலை. மூட்டையை அவிழ்த்து, தூசு தட்டி, தரம் பிரிக்க வேண்டும். கை கால் வெந்துபோகாத வேலை என்று வெளியூர்ப் பையன்கள் எல்லாரும் அதற்குத்தான் அலைகிறார்கள்.

எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. கிடங்குப் பையன்களுக்குத் திடீர் திடீரென்று காய்ச்சல் வருகிறது. போன வாரம் கலவை ஊர்ப் பக்கத்துப் பையன் கோவிந்தசாமி, இருபது வயதுதான், நெஞ்சை அடைக்கிறது என்று மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டான். நோவு கண்டவனை ஷாப்பில் வைத்திருப்பதில்லை. பெற்றவளிடம் போய்ச் சேரட்டும் என்று சாயபு வண்டிக் கூலியும் ஒரு வேட்டியும் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிடுவார். நல்ல மனுஷர். உன் மாமா கூடவே போய் ரயிலேற்றிவிட்டு வருவார். வழிக்குக் கஞ்சியும் நார்த்தங்காயும் தூக்குப் பாத்திரத்தில் போட்டுக் கொடுப்பது என் வேலை.

நான் பயப்படுகிறேன் என்றால் உன் மாமாவுக்குச் சிரிப்பு. “இன்னா அன்னம்மா, சும்மா பேஜார் பண்ணிக்கினு. மூணு வருஷமா நம்ம ஷாப்புல ஒரு சாவு உண்டா, நீயே சொல்லு” என்கிறார். அதுவும் உண்மைதான்.

ஜில்லாவில் யார் பிறந்தார், யார் செத்தார் என்று கூட்டிப் போடுகிற உத்தியோகம் உன்னுடையது. உன் புத்தகங்களைப் பார்த்து எனக்கு ஒரு வார்த்தை எழுது. நீ போகலாம் என்றால் அவன் போகட்டும். வேண்டாம் என்றால் உன் மாமாவோடு சண்டை போடுவது என் பாடு.

ஜெயம்மாளுக்கு என் முத்தங்கள்.
உன் அக்காள்,
அன்னம்மாள்


வேலூர்,
17 ஜனவரி 1928

பிரியமுள்ள அக்காவுக்கு,

இங்கே இருவரும், உள்ளே இருக்கிற மூன்றாவது ஆளும் நலம். உன் உத்தரவுப்படி இப்போது காய் வாங்குவது நான்தான். சொத்தைக் கத்தரிக்காயாகப் பொறுக்கிக்கொண்டு வருகிறேன் என்று தினமும் பேச்சு வாங்குகிறேன். மாமாவுக்கு என் வணக்கம்.

உன் பயத்துக்கு என்னிடம் மருந்து இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஆபீஸுக்குப் போய் உட்கார்ந்தேன். ஆம்பூரில் பதினைந்துக்கு மேல் முப்பதுக்குள் இருக்கிற ஆண்பிள்ளைகள் எத்தனை பேர் என்று எடுத்தேன். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்களையும் விடாமல் சேர்த்துக்கொண்டேன். பிறகு மூன்று வருஷத்து மரணப் பதிவில் அந்த வயதுக்காரர்களை மட்டும் பொறுக்கினேன். ஆயிரம் பேருக்கு வருஷத்தில் ஐந்து பேர் சாகிறார்கள். ஜில்லா முழுவதும் எடுத்தால் ஒன்பது பேர்.

அதாவது, பையனைக் கலவையில் ஏர் ஓட்ட அனுப்பினால் ஆபத்து ஜாஸ்தி, ஆம்பூரில் தோல் தட்ட அனுப்பினால் கம்மி. நான் ஒன்றுக்கு மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். எங்கள் ஹெல்த் ஆபீசரிடம் காட்டினேன். “தோல் நாத்தமே ஒரு மருந்தோ என்னவோ, சாமுவேல்” என்று சிரித்தார். வருஷ அறிக்கையில் என் கணக்கைச் சேர்க்கவும் சொல்லிவிட்டார். உன் தம்பி பெயர் இல்லாமல் அச்சில் வரப்போகிறான்.

ஆசீர்வாதத்தைத் தைரியமாக அனுப்பு. தாய்மாமன் நான் சொல்கிறேன்.

உன் தம்பி,
சாமுவேல்


ஆம்பூர்,
2 ஏப்ரல் 1928

அன்புத் தம்பிக்கு,

பெண் குழந்தை என்று கார்டு பார்த்ததும் தெருவில் நாலு வீட்டுக்குச் சர்க்கரை கொடுத்தேன். தாயும் பிள்ளையும் சுகம்தானே? ஜெயம்மாளுக்குப் பூண்டு நிறையக் கொடு. பெயர் என்ன வைத்தீர்கள் என்று எழுத மறந்துவிட்டாய். இப்படிப்பட்டவனை நம்பித்தான் ஜில்லாவே கணக்கு எழுதுகிறது. இங்கே எல்லாரும் சௌக்கியம்.

ஆசீர்வாதம் கிடங்குக்குப் போக ஆரம்பித்து இரண்டு மாதமாகிறது. உன் கடிதத்தை உன் மாமா ஷாப்பில் நாலு பேருக்குப் படித்துக் காட்டினார். பையன் சாயங்காலம் வரும்போது தலையெல்லாம் தூசு. வாசலிலேயே நிறுத்தி நாலு குடம் ஊற்றிய பிறகுதான் உள்ளே விடுகிறேன். “நீ ஊத்துற தண்ணியிலதாம்மா எனக்கு ஜன்னி வரப்போவுது” என்று கேலி செய்கிறான். மூட்டை தூக்கித் தூக்கித் தோள் இரண்டும் அகன்றுவிட்டன. போன வருஷச் சட்டை எதுவும் சேரவில்லை.

நடுவில் இன்னொரு பையனை ஊருக்கு அனுப்பினோம். வாலாஜாபேட்டைக்கு அந்தாண்டை ஒரு கிராமம். ரங்கம்மாள் என்ற கைம்பெண்ணுக்கு ஒரே பிள்ளை. கழுத்தில் கறுப்பாக ஒரு கொப்புளம், வலியே இல்லை என்றான். ஆனால் நிற்க முடியவில்லை. என்னைப் பார்த்து, “நாலு நாள்ல வந்துர்றேங்கம்மா, என் எடத்த யாருக்கும் குடுத்துடாதீங்க” என்றான். மாசம் ஒன்றாகப் போகிறது, வரவில்லை. ஊரில் அம்மா சாப்பாடு ருசி கண்டுவிட்டான் போலிருக்கிறது.

குழந்தையின் பெயரை எழுது.
அன்னம்மாள்


வேலூர்,
25 ஜூன் 1928

பிரியமுள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். குழந்தைக்கு மீனாம்பாள் என்று பெயர். ஜெயம்மாளுடைய தாயாரின் பெயர், நான் வாயைத் திறக்கவில்லை. மூவரும் நலம். அங்கே மாமா சுகமா? என் மருமகப்பிள்ளை சுகமா?

ஆபீஸில் ஒரு பெரிய தலைவேதனை வந்திருக்கிறது. கலவை, வாலாஜாபேட்டை பக்கத்து ஒன்பது கிராமங்களில் வாலிபர்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். காலரா இல்லை, வைசூரி இல்லை. சாவைப் பதிகிற கிராம முன்சீப்புகள் காரணம் எழுதவேண்டிய இடத்தில் ‘இதர காரணம்’ என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். நான் உட்கார்ந்து கூட்டினேன். அந்த வயதில், அத்தனை பேருக்கு, இரண்டு வருஷத்தில் எட்டுச் சாவு விழுந்தால் அது வழக்கம். விழுந்திருப்பது பதினேழு. ஒன்பது பேர் அதிகப்படி. எதனால் என்று எவருக்கும் தெரியவில்லை.

கிணற்றுத் தண்ணீர்தான் கெட்டிருக்கும் என்கிறார் ஹெல்த் ஆபீசர். கிணறு என்றால் பெண்கள் குடிக்கவில்லையா, கிழவர்கள் குடிக்கவில்லையா? அவர்கள் வழக்கம்போலத்தான் சாகிறார்கள். பொறுக்கி எடுத்த மாதிரி வாலிபப் பிள்ளைகள் மட்டும் போவானேன்? அக்கா, இத்தனை வருஷம் இந்த வேலை பார்த்தும் ஒரு கூட்டலை நம்பாமல் விடிய விடியத் திரும்பக் கூட்டினது இதுதான் முதல் தடவை.

அடுத்த மாதம் கலவையில் முகாம் போட்டு, வீடு வீடாக விசாரித்து வரும்படி எனக்கு உத்தரவு. நல்லவேளை, நம் பையன் அந்தப் பக்கம் இல்லை.

சாமுவேல்


ஆம்பூர்,
8 ஜூலை 1928

அன்புத் தம்பிக்கு,

இங்கே சுகம். மீனாம்பாள் குப்புற விழுந்தாளா? ஜெயம்மாள் முதுகு வலி தேவலையா?

நீ எழுதியதைப் படித்தேன். பெற்றவர்கள் எப்படித் தாங்குகிறார்களோ. கிணற்றில் ஏதாவது செத்துக் கிடக்கும், இறைத்துப் பார்க்கச் சொல். முகாமில் நீ காய்ச்சாத தண்ணீரைக் குடிக்காதே.

கலவை போகிறவன் எனக்கு ஒரு உபகாரம் செய்யவேண்டும். கேட்கவே வெட்கமாக இருக்கிறது. ஊருக்கு அனுப்பின பையன்களிடம் கஞ்சி ஊற்றிக் கொடுத்த பித்தளைத் தூக்கு ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. இந்த இருபது மாதத்தில் ஏழு தூக்கு. ஏழும் லாங் பஜாரில் பார்த்துப் பார்த்து வாங்கினவை. வேலைக்கு வரும் ஊர்க்காரன் எவனிடமாவது கொடுத்தனுப்பக் கூடாதா? “போனவனுங்க வேற பொழப்பு பாத்துக்கினு போய்ட்டானுங்க, வுடு அன்னம்மா” என்கிறார் உன் மாமா. நோவு தீர்ந்ததும் நன்றியும் தீர்ந்துவிடுமா என்ன?

யார் யாரிடம் கொடுத்தேன் என்று பெயரும் ஊரும் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். எல்லாம் உன் முகாமைச் சுற்றித்தான். கோவிந்தசாமியிடம் இருப்பதையாவது வாங்கி வா. அடியில் என் பெயர் வெட்டியிருக்கும்.

அன்னம்மாள்


கலவை முகாம்,
23 ஜூலை 1928

அக்கா,

சுகம் விசாரிக்க இப்போது எனக்கு முடியவில்லை. இதை முழுதாகப் படி. மாமாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

நீ அனுப்பின தாளை என் சாவுப் பட்டியலோடு ஒத்துப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது பாத்திரக் கணக்குதானே என்று சட்டைப்பையில் வைத்திருந்தேன். பட்டியலில் மூன்றாவது பெயரை விசாரிக்க ஒரு வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாள் பேசிக்கொண்டே இருந்தவள் உள்ளே போய், புளி போட்டுத் தேய்த்த ஒரு தூக்கை எடுத்து வந்தாள். அடியில் உன் பெயர்.

“ஆம்பூர்லேர்ந்து வந்த மூணாம் நாள் செத்துப் பூட்டான். மாட்டுக்கு அடைப்பான் நோவு கண்டா மாதிரி மூச்சு வாங்கினான். சாவு வுழுந்த வூட்டுப் பாத்திரம் அந்த மகராசி வூட்டுக்கு ஆவாதுன்னுதான் குடுத்தனுப்பல” என்றாள். கோவிந்தசாமியின் தாயார்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து இரண்டு தாளையும் விரித்து வைத்தேன். அக்கா, உன் தாளில் இருக்கிற ஏழு பேரும் என் பட்டியலில் இருக்கிறார்கள். ஏழு பேரும். ரங்கம்மாள் மகன் வீடு போய்ச் சேர்ந்ததே பிணமாகத்தான். நான் போய்ப் பார்த்த நாலு வீட்டிலும் உன் தூக்கு இருக்கிறது. நன்றி இல்லாமல் இல்லை, உனக்கு ஆகாதே என்றுதான் வைத்திருக்கிறார்கள்.

நான் போட்ட கணக்கு எப்படிப்பட்டது என்று இப்போது புரிகிறதா? வேலைக்கு வந்த வாலிபர்களை எல்லாம் ஆம்பூர்த் தொகையில் சேர்த்தேன். அவர்கள் சாவை நீங்கள் வண்டி வைத்து வெளியூருக்கு அனுப்பிவிட்டீர்கள். எங்கே உயிர் போகிறதோ அந்த ஊர்ப் புத்தகத்தில்தான் எழுதவேண்டும் என்பது சட்டம். ஆளெல்லாம் ஆம்பூர்க் கணக்கில், சாவெல்லாம் ஊர்க் கணக்கில். அப்படிப் பார்த்தால் ஆம்பூர் சொர்க்கமாகத்தான் தெரியும். என் கணக்கில் ஒரு இலக்கம்கூடத் தப்பில்லை. ஆனாலும் முழுப் பொய்.

கிடங்கில் எப்போதும் அறுபது பையன்கள் என்று மாமா சொல்லியிருக்கிறார். அறுபது பேருக்கு இருபது மாதத்தில் ஒரு சாவு விழுந்தால் வழக்கம். ஏழு விழுந்திருக்கிறது.

ஆசீர்வாதத்தைக் கிடங்கை விட்டு உடனே நிறுத்து. நானே ஓடி வந்திருப்பேன். இன்னும் மூன்று கிராமம் முடிக்காமல் முகாமை விட்டு நகரக்கூடாது என்று உத்தரவு. இந்தக் கடிதம் கிடைத்த நிமிஷமே நிறுத்து.

சாமுவேல்


ஆம்பூர்,
30 ஜூலை 1928

தம்பிக்கு,

சுகமாக இருக்கிறோம். உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது.

உன் மாமாவிடம் படித்துக் காட்டினேன். முதலில் நம்பவில்லை. பிறகு ஏழு பெயரையும் திருப்பித் திருப்பிப் படிக்கச் சொன்னார். “கையப் புடிச்சி ரயில் ஏத்துனேனே அன்னம்மா. பொழைக்கட்டும்னுதானே ஏத்துனேன்” என்றார். அதற்குப் பிறகு இரண்டு நாளாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும் அந்தப் பிள்ளைகள் முகம் கண்ணிலேயே நிற்கிறது. ஒவ்வொருத்தனுக்கும் ஊறுகாய் போதுமா என்று கேட்டுக் கேட்டுப் போட்டேன்.

ஆசீர்வாதத்திடம் சொல்லிவிட்டேன். மல்லுக்கு நிற்கிறான். இந்த வாரம் ஐம்பது மூட்டை இறங்கியிருக்கிறதாம். நடுவில் விட்டுவிட்டு வந்தால் கூட இருக்கிற பையன்கள் இரட்டை வேலை செய்யவேண்டுமாம். “ஆறு மாசமா இன்னா ஆச்சி எனக்கு? சனிக்கெழம கணக்கு முடிச்சிக்கினு நின்னுட்றேம்மா” என்கிறான். சனிக்கிழமை வரைதானே என்று நானும் விட்டுவிட்டேன். உன் மாமா சாயபுவிடம் பேசப் போகிறார்.

குழந்தையைப் பார்த்துக்கொள்.
அன்னம்மாள்


தந்தி
ஆற்காடு, 2 ஆகஸ்டு 1928

சனிக்கிழமை வரை வேண்டாம். இன்றே நிறுத்து. சாமுவேல்.


வேலூர்,
20 ஆகஸ்டு 1928

அக்காவுக்கு,

நீ எழுந்து நடமாடுகிறாயா? இரண்டு வாயாவது சாப்பிடுகிறாயா? மாமா எப்படி இருக்கிறார்?

ஆசீர்வாதத்தின் அடக்கத்துக்கு வந்தபோது உன்னோடு நான் பேசவில்லை. பேசின இரண்டு வார்த்தையும் பேசியிருக்கக் கூடாத வார்த்தை. மாமாவின் அண்ணன் என்னைத் தனியாக அழைத்துப் போனார். “கம்பவுண்டரு கைய விரிச்சிட்டாரு. புள்ள சொந்த மண்ணுல போய்ச் சாவட்டும்னு வண்டி கட்டினேன். உங்க அக்கா வாசல்ல குறுக்க படுத்துக்கினா. எங்க அப்பா தாத்தா எல்லாம் அங்கதான் பொதைஞ்சி கிடக்கிறாங்கோ. இவன் மட்டும் இங்க அநாதயாட்டம்” என்று அழுதார். நான் நேராக வந்து, “இது என்ன பிடிவாதம் அக்கா, உனக்குப் புத்தி கெட்டுவிட்டதா” என்று உன்னைக் கேட்டேன். நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாய்.

அதற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனாலும் ஏன் அப்படிச் செய்தாய் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். பிள்ளையைக் கொன்றது நான். ஆயிரத்துக்கு ஐந்து என்று எழுதின கை இது. முகாமை விட்டு ஓடி வராமல் தபாலை நம்பினவனும் நான்தான். உத்தரவு மீறினால் உத்தியோகம் போயிருக்கும், அவ்வளவுதானே. மீனாம்பாளைத் தூக்கக்கூட எனக்குக் கை வரவில்லை.

சாமுவேல்


ஆம்பூர்,
3 செப்டம்பர் 1928

தம்பிக்கு,

சாப்பிடுகிறேன். குழந்தையைத் தூக்கு. அவள் என்ன செய்தாள்?

நடந்ததைச் சொல்கிறேன். உன் தந்தி வியாழக்கிழமை சாயங்காலம் வந்தது. நானே ஷாப்புக்குப் போய்க் கிடங்கு வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவனை அழைத்து வந்தேன். வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தான். வெள்ளிக்கிழமை காலையில் எழுந்திருக்க முடியவில்லை. நெஞ்சை அழுத்துகிறது என்றான். அன்றே உனக்குத் தந்தி கொடுக்கச் சொன்னேன். நீ முகாமில் எந்தக் கிராமத்தில் இருந்தாயோ, உன் கைக்குக் கிடைத்தது அடக்கத்தன்று. சனிக்கிழமை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் வந்து பார்த்துவிட்டு, ரயிலேற்றி வேலூருக்குக் கொண்டுபோனால் வழியிலேயே போய்விடும் என்றார். அதற்குள் உன் மாமாவின் அண்ணன் ஊருக்குக் கொண்டுபோக வண்டியோடு வந்துவிட்டார்.

எல்லாரும் வண்டியில் வைக்கோல் பரப்பினார்கள். உன் மாமா பிள்ளையின் கால்பக்கம் பிடித்தார். எத்தனை பேரைத் தூக்கி ஏற்றின கை அது, தானாகவே போய்ப் பிடித்தது. அப்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. இவன் அங்கே போய்ச் செத்தால் எந்தப் புத்தகத்தில் எழுதுவார்கள்? அந்த ஊர்ப் புத்தகத்தில், ‘இதர காரணம்’ என்று. ஆம்பூர்ப் புத்தகத்தில் மறுபடியும் ஒன்றும் இருக்காது. இன்னொருத்தி பயந்து போய்த் தன் தம்பிக்குக் கடிதம் எழுதுவாள். அவன் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, தைரியமாக அனுப்பு என்று பதில் போடுவான்.

அதற்குத்தான் குறுக்கே படுத்தேன். உன் மாமாவிடம் சொன்னேன். அவர் அப்படியே வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மற்றவர்களுக்குச் சொன்னால் புரியாது. உனக்குச் சொல்லாமலே புரியும் என்று இருந்தேன். நீயும் எல்லாரையும் போலப் புத்தி கெட்டுவிட்டதா என்று கேட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை மாதாகோவில் மணி அடிக்கும்போது உயிர் போயிற்று. பதிவு எழுத உன் மாமாவோடு நானும் போனேன். பெண்பிள்ளை எதற்கு என்றார்கள். ஆசீர்வாதம், வயது பதினெட்டு, தோல் ஷாப்புக் கிடங்கு வேலை, செத்த இடம் ஆம்பூர் என்று எழுதி முடிக்கிற வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுதமாட்டேன். இருக்கிறது. உன் மாமா மேலும் இருக்கிறது, சனிக்கிழமை வரைதானே என்று விட்ட என் மேலும் இருக்கிறது. ஆனால் நீ அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தால் எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஒன்று மட்டும் எழுதினால் ஒன்றுதானே என்பார்கள். மற்ற ஏழு பேரையும் ஆம்பூருக்குக் கொண்டு வா.

அன்னம்மாள்


வேலூர்,
14 செப்டம்பர் 1928

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பத்துத் தடவை படித்தேன். என் பிழைப்பே இந்தப் புத்தகங்கள்தான். ஆனால் அந்த வண்டி வாசலில் நின்றபோது கணக்குப் புரிந்தது உனக்குத்தான். நான் வெறும் குமாஸ்தா.

ஏழு கிராமத்துக்கும் மறுபடி போய் வந்தேன். செத்த இடத்தை மாற்றி எழுதச் சட்டம் இடம் கொடுக்காது. ஆனால் ‘குறிப்பு’ என்று ஒரு பத்தி எல்லாப் புத்தகத்திலும் காலியாகவே கிடக்கிறது. அதில் ஒவ்வொரு முன்சீப்பிடமும் கெஞ்சி, ‘ஆம்பூர் தோல் கிடங்கில் நோவு கண்டு வந்தவன்’ என்று எழுதி வாங்கினேன். ஒருவர் மட்டும் மேலே உத்தரவு இல்லாமல் மாட்டேன் என்றார். கோவிந்தசாமியின் தாயார் வந்து அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்த பிறகு எழுதினார்.

ஒன்று விழவேண்டிய இடத்தில் எட்டு. ஹெல்த் ஆபீசர் முன்னால் வைத்தேன். அச்சான அறிக்கையில் இருக்கிற என் கணக்கு பொய் என்றும் எழுதிக் கொடுத்தேன். இரண்டையும் வரி வரியாகப் படித்தார். வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று நினைத்தேன். “என்ன நோவுன்னு தெரியாம நான் எதைச் சாமுவேல் நிறுத்தச் சொல்றது? எட்டுப் பேர்ல ஒருத்தனையாவது உயிரோட பார்த்த டாக்டர் உண்டா?” என்றார். இல்லை. ஏழு பேரை அதற்கு முன்னால் ஊருக்கு அனுப்பியாகிவிட்டது, நம் பிள்ளையைப் பார்த்தது கம்பவுண்டர்தான். இன்னொருவனுக்குக் கண்டால் அனுப்பாமல் வைத்துக்கொண்டு ஆள் விடு, அடுத்த ரயிலில் தானே வருகிறேன் என்றார்.

இன்னொருவன் என்று எழுதக் கை கூசுகிறது. நீ மாமாவிடம் சொல்லிவை.

மீனாம்பாளைத் தூக்கினேன். உன் சாயல் இருக்கிறது.
சாமுவேல்


ஆம்பூர்,
1 அக்டோபர் 1928, காலை

தம்பி,

இதைக் கொண்டு வருகிறவர் நயீம் அகமது, சாயபுவின் தம்பி மகன். தந்தியில் எல்லாம் சொல்ல முடியாது என்று முதல் ரயிலில் இவரை அனுப்புகிறோம்.

கன்னியப்பன் என்ற பையன். பத்தொன்பது வயது. வேலைக்கு வந்து இருபது நாள்தான் ஆகிறது. இன்று விடியும்போது மூச்சு அடைத்து, கிடங்குப் படியில் விழுந்துவிட்டான். மேஸ்திரி வழக்கம்போல வண்டிக்குச் சொல்லிவிட்டார். உன் மாமா வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, அவனைத் தன் முதுகிலேயே சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தார். அவருக்கு மூச்சு இரைத்தது. வந்து இறக்கிவிட்டு, “இவன் எங்கயும் போவ மாட்டான் அன்னம்மா” என்றார்.

ஆசீர்வாதத்தின் பாயில் படுக்க வைத்திருக்கிறேன். வேறு பாய் இல்லை. சாயபு வந்து பார்த்துவிட்டு, தானே போய்க் கிடங்கைப் பூட்டிச் சாவியை உன் மாமா கையில் கொடுத்தார். டாக்டர் வந்து சொல்லுகிற வரை திறக்கவேண்டாம் என்றார். பையனின் அம்மாவுக்கு ஆள் போயிருக்கிறது. அவள் இங்கே வரட்டும்.

பையனுக்கு நினைவு இருக்கிறது. என்னை ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுகிறான். நான் மாட்டேன் என்கிறேன். சரியாகத்தான் செய்கிறேனா என்று எனக்குத் தெரியவில்லை, சாமுவேல். பயமாக இருக்கிறது.

இவனை நீ எந்தக் கணக்கிலும் எழுதவேண்டாம். இன்னும் மூச்சு இருக்கிறது. உன் ஹெல்த் ஆபீசரைக் கூட்டிக்கொண்டு அடுத்த ரயிலிலேயே வா.

அக்கா